ஒரே மூச்சில் எண்ணச் சொன்னார்கள்

முதலில் போனது செருப்பு. கம்பெனிப் படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்த பெண், "அக்கா, உங்க செருப்பு கீழயே கெடக்குதுங்க," என்றாள். குனிந்து பார்த்தால் இடது கால் வெறுங்காலாக இருந்தது. படியின் சொரசொரப்பு காலுக்குத் தெரியவில்லை. செருப்பு எப்போது கழன்றது என்றும் தெரியவில்லை. அவள்தான் வேண்டுமென்றே மிதித்துக் கழற்றியிருப்பாளோ என்று அந்தப் பெண்ணை ஒரு பார்வை பார்த்தேன்.

என் குணம் அப்படி. திருப்பூரில் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் பத்தொன்பது வருஷமாக செக்கிங்கில் இருக்கிறேன். தைத்து வரும் பனியனை வெளிச்சம் அடிக்கும் மேஜையில் விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, நூல் விட்ட இடம் என்று குற்றம் கண்டுபிடிப்பதுதான் வேலை. கண்ட இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவோம். இப்போது அந்தப் பிரிவுக்கே நான்தான் சூப்பர்வைசர். சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவள் வீட்டுக்கு வந்ததும் மட்டும் எப்படி மாறுவாள்? பால்காரர் ஊற்றிய பாலைச் சந்தேகப்படுவேன், நானே பூட்டிய கதவைச் சந்தேகப்படுவேன். நாங்கள் ஜெபத்துக்குப் போகும் சபையில் இரண்டு பேர் மெதுவாகப் பேசினால் என்னைப் பற்றித்தான் என்று முடிவே கட்டிவிடுவேன். என் வீட்டுக்காரர் தேவசகாயம் அதே கம்பெனியில் வேன் ஓட்டுகிறார். "கல்யாணத்தன்னிக்கே என்னையத் திருப்பிப் போட்டுத் தையலப் பாத்தவதான நீ," என்று கேலி செய்வார். அந்தக் கேலியில் அவருக்குக் கொஞ்சம் வலியும் இருந்தது. அது எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் புரிந்தது.

எனக்கு வந்த அதே நோய் வந்தவர்களின் வீட்டார் சிலர் இப்போது போனில் பேசுகிறார்கள். ஒவ்வொருவரிடமும் முழுதாகச் சொல்ல மூச்சு போதவில்லை. அதனால் எழுதிவைக்கிறேன். என்னுடைய யோக்கியதையையும் சேர்த்தே எழுதுகிறேன், அதை விட்டுவிட்டால் இதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

செருப்பு கழன்றது செவ்வாய்க்கிழமை. அதற்கு இரண்டு வாரம் முன்னால் வயிற்றுப்போக்கு வந்து மூன்று நாள் படுத்திருந்தேன், அதை நான் மறந்தே போயிருந்தேன். புதன்கிழமை இரண்டு பாதமும் மரத்துப்போயின. ஸ்டிக்கரை அட்டையிலிருந்து உரிக்க விரல் வரவில்லை. தெருமுனை டாக்டர் சத்து குறைவு என்று ஊசி போட்டு அனுப்பினார். வியாழக்கிழமை காலையில் குளியலறையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்க முடியவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தேன். வீட்டுக்காரர் கதவை உடைத்துத் தூக்கினார். அந்த நேரத்திலும், "தாழ்ப்பாள ஒடைக்காம நெம்பியிருக்கலாமுங்க," என்று சொன்னேன் என்று பின்னால் சொல்லிச் சிரித்தார்.

இ.எஸ்.ஐ. சீட்டோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். வெளிநோயாளிகள் ஹாலில் சக்கர நாற்காலியில் மூன்று மணி நேரம். எனக்கு முன்னால் டோக்கன் வாங்கியவர்களையெல்லாம் எண்ணிவைத்துக்கொண்டேன், யாராவது இடையில் நுழைகிறார்களா என்று பார்ப்பதற்கு. கால் தொடைவரை போய்விட்டது, ஆனாலும் கண் வேலை செய்துகொண்டுதான் இருந்தது.

பரிசோதனைகளைச் சொல்கிறேன், வரப்போகிறவர்கள் பயப்படாமல் இருக்கட்டும். டாக்டர் ஒரு சின்னச் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டுவார். கால் தானாக உதைக்க வேண்டும். என் கால் உதைக்கவில்லை. பிறகு கையிலும் காலிலும் சின்னச் சின்ன ஷாக் கொடுத்து, நரம்பில் மின்சாரம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்ப்பார்கள். சுள்ளென்று இருக்கும், பொறுத்துக்கொள்ளலாம். கடைசியாக, பக்கவாட்டில் சுருண்டு படுக்கச் சொல்லி, முதுகுத்தண்டில் ஊசி போட்டுக் கொஞ்சம் நீர் எடுப்பார்கள். அந்த நீரில் புரதம் கூடியிருந்தால் இந்த நோய் என்று உறுதியாகும். எனக்குக் கூடியிருந்தது.

நோயின் பெயர் கில்லன் பாரே. நரம்பு டாக்டர் படுக்கையின் ஓரத்திலேயே உட்கார்ந்து விளக்கினார்.

"உங்களுக்கு வயித்துப்போக்கு வந்ததில்லீங்களா, அந்தக் கிருமிய அடிக்கறதுக்கு ஒடம்புல இருக்கற காவல்காரங்க கெளம்புனாங்க. கிருமி செத்துப்போச்சு. ஆனா இவங்களுக்குச் சந்தேகம் தீரல. உங்க நரம்பு மேல இருக்கற ஒறையும் அந்தக் கிருமி மாதிரியே தெரியுது. அதனால அதையும் எதிரின்னு நெனச்சு அரிச்சுக்கிட்டு இருக்காங்க. காலுல ஆரம்பிச்சு மேல ஏறும். ஒரு கட்டத்துல நின்னுரும். அப்பறம் மெதுவா எறங்கும். பெரும்பாலும் எல்லாரும் எந்திரிச்சு நடப்பாங்க."

"மேலன்னா எதுவரைக்குமுங்க?"

"நெஞ்சு வரைக்கும் வரலாம். மூச்சு விடற தசைக்கு வந்துட்டா கொஞ்ச நாளைக்கு மெஷின் வெச்சு மூச்சுக் குடுக்கோணும். அதத்தான் நாங்க பாத்துக்கிட்டே இருப்போம்."

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டார். அவர் நினைத்தது எனக்குத் தெரியும். என் உடம்புக்கும் என் குணம்தான் என்று நினைத்திருப்பார்.

மருந்து ஐந்து நாள் ஏற்ற வேண்டும். கண்ணாடிப் பாட்டிலில் லேசாக நுரைத்த தண்ணீர்போல் இருந்தது. என்ன இது என்று நர்ஸ் பெண்ணைக் கேட்டேன். பெயர் பொன்மாரி, திருநெல்வேலிப் பக்கம். "இது கம்பெனில செஞ்ச மருந்து இல்லக்கா. ஆயிரக்கணக்கான ஆளுக ரத்தம் குடுப்பாங்கல்லா, அதுல இருந்து பிரிச்சு எடுத்தது. அவங்க ஒடம்புல இருக்கிற நல்ல காவல்காரங்க வந்து ஒங்க காவல்காரங்கள அமத்துவாங்க," என்றாள். நான் அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் தெரியாத ஆயிரம் பேர் சொட்டுச் சொட்டாக என் கைக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். யாருக்குப் போகிறது என்று அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. அவ்வளவு பெரிய காரியத்தைப் பார்த்து வியந்த அடுத்த நிமிஷமே, பாட்டிலின் மூடி ஏற்கெனவே திறந்திருந்ததோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பொன்மாரியிடம் கேட்டும்விட்டேன். அவள் கோபித்துக்கொள்ளாமல் அடுத்த பாட்டிலை என் கண்முன்னால் திறந்து காட்டினாள்.

அவளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. சாதாரணமாக ஒரு குழாயில் ஊதச் சொல்லி மூச்சின் பலத்தை அளப்பார்கள். என் முகமும் தளர்ந்துவிட்டதால் உதடு குழாயைக் கவ்வவில்லை, காற்று ஓரத்தில் போய்விடும். அதனால் எண்ணச் சொல்வார்கள். நன்றாக மூச்சை இழுத்துக்கொண்டு, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு, மூன்று என்று நிதானமாக எண்ண வேண்டும். எந்த எண்ணில் மூச்சு முடிகிறதோ அதை எழுதிக்கொள்வார்கள். இருபதுக்குக் கீழே போனால் உஷார். பத்துப் பக்கம் வந்தால் மூச்சு மெஷின். முதல் நாள் முப்பத்தெட்டு எண்ணினேன். வெள்ளிக்கிழமை முப்பத்துமூன்று. சனிக்கிழமை இருபத்தேழு.

சனிக்கிழமை சாயங்காலம் பக்கத்துப் படுக்கையில் இருந்த பெரியவரை மெஷினில் போட்டார்கள். அவருடைய மகன்கள் திரைக்கு அந்தப் பக்கம் நின்று, "மெஷினு போட்டாத்தான பில்லு ஏறும். உள்ள போனவீங்க யாரு திரும்பியிருக்காங்க," என்று பேசியது என் காதில் விழுந்தது. அது பொய்யோ நிஜமோ எனக்குத் தெரியாது. அவர்களும் என்னைப்போல் பயந்துபோனவர்கள்தான். ஆனால் சந்தேகப்பட எனக்கு அதுவே போதுமாக இருந்தது. டாக்டர் ஏன் அவ்வளவு இனிமையாகப் பேசினார், மெஷின் பேச்சை முதல் நாளே ஏன் எடுத்தார், எல்லாம் பொருந்தி வந்தது. வராந்தாவில் வீட்டுக்காரர் யாரிடமோ மெதுவாகப் பேசும்போதெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். எனக்குப் புற்றுநோய், அதை மறைக்கிறார்கள் என்று ஒரு மணி நேரம் நம்புவேன். மெஷினில் போட இவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டார்கள் என்று அடுத்த மணி நேரம் நம்புவேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னுடைய நிஜமான எண்ணிக்கை பத்தொன்பது. நான் இருபத்தாறு சொன்னேன்.

எப்படி என்று சொல்ல வேண்டும். எங்கள் கம்பெனிக்கு, சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆட்கள் ஆடிட் வருவார்கள். தொழிலாளிகளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள். எத்தனை மணிக்கு வருகிறாய், குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா, திட்டுகிறார்களா. முதல் நாளே பெண்களை உட்காரவைத்து, எதற்கு எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று பழக்குவது யார்? நான்தான். தயங்காதே, சிரித்த முகமாக இரு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல், எல்லாம் நல்லா இருக்குது என்று சொல். இதில் நான் கெட்டிக்காரி. ஆஸ்பத்திரியிலும் எனக்கு வேறு வழி தோன்றவில்லை. கேள்வி கேட்கிறவர்கள் குற்றம் கண்டுபிடிக்க வந்தவர்கள், அவர்களை நல்லபடியாகத் திருப்பி அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். வேகமாக எண்ணினேன். பன்னிரண்டில் ஒரு இருமல், அதற்குள் திருட்டுத்தனமாகக் கொஞ்சம் காற்று. இருபதில் தொண்டையைச் செருமுவது, அங்கே இன்னும் கொஞ்சம். எச்சில் விழுங்க முடியாமல் போனதையும் மறைத்தேன். தலையணைத் துண்டில் வழியவிட்டு, வியர்வை என்று சொன்னேன். விரலில் மாட்டியிருந்த கிளிப் தொண்ணூற்றெட்டு காட்டியது. அது ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று காட்டும் கருவி. இந்த நோயில் கடைசி நிமிஷம்வரை அது நல்ல எண்ணைத்தான் காட்டும் என்று பின்னால்தான் தெரிந்தது. அப்போது அது என் பக்கம் சாட்சி சொல்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

பொன்மாரி எழுதிக்கொண்டு, "பரவால்லக்கா, எறங்குறது நின்னுட்டு போல," என்று முகம் மலர்ந்து சொன்னாள். அவள் என்னைச் சந்தேகப்படவே இல்லை.

ஆராதனை முடிந்து சபைப் பெண்கள் எட்டுப் பேர் வந்தார்கள். சுற்றி நின்று பாடினார்கள், தலையில் கைவைத்து ஜெபித்தார்கள். அவர்கள் கொண்டுவந்த பாசம் நிஜமானது. ஒரு அக்கா என் கால்விரல்களைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தாள். "விசுவாசத்தோட இருங்க, எந்திரிச்சு நடப்பீங்க. எப்படி இருக்குதுங்க இப்ப?" என்று கேட்டபோது, "ஸ்தோத்திரம், ஆண்டவர் நல்லா வெச்சிருக்காருங்க," என்றேன். சொன்ன வார்த்தையின் கடைசியில் மூச்சு தீர்ந்துவிட்டது. அவர்கள் கண்ணீரோடு அல்லேலூயா சொன்னார்கள்.

திங்கட்கிழமை மடத்துக்குளத்திலிருந்து என் அண்ணன் மோசஸ் வந்தார். சந்தேகத்தில் எங்கள் குடும்பத்துக்கே அவர்தான் மூத்தவர். தாராபுரம் தாண்டி ஒரு ஊரில் வாத நோய்க்கு எண்ணெய் போட்டுப் பச்சிலை கட்டும் வைத்தியர் இருக்கிறாராம். "இங்க கெடந்தா மெஷினுல தள்ளிருவாங்க அம்முணி. நல்லாப் பேசறே, மூச்சு இருபத்திச் சொச்சம் எண்ணறே, எதுக்கு இங்க இருக்கோணும்?" என்றார். டாக்டர் ரொம்ப நேரம் வாதாடினார். போக வேண்டாம், இன்னும் இரண்டு நாள் மருந்து பாக்கி, நோய் நின்றுவிட்டது என்று சொல்ல முடியாது என்றார். அண்ணன் விடவில்லை. "நீங்களே எழுதி வெச்சிருக்கீங்கல்லங்க, இருபத்தி அஞ்சுன்னு?" டாக்டர் அந்தத் தாளைப் பார்த்தார். நான் சொன்ன பொய் அவர் கையில் இருந்தது.

வீட்டுக்காரருக்கு மனசே இல்லை. ஆனால் என்னிடம் கேட்டார். "போலாமுங்க," என்றேன். மறுநாள் செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, சொந்தப் பொறுப்பில் அழைத்துப்போகிறோம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புவது என்று முடிவாயிற்று. கம்பெனி வேனில் பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு மெத்தை போட்டுவைத்தார்.

செவ்வாய் காலை பத்து மணிக்கு நிஜமான எண்ணிக்கை பதினொன்று. நான் காட்டியது இருபத்துமூன்று. அதற்கு நான் பட்ட பாட்டில் நெற்றி நனைந்துவிட்டது. பொன்மாரி துடைத்துவிட்டுப் போனாள். அண்ணனும் இவரும் சாமான்களைக் கட்ட வெளியே போனார்கள். பன்னிரண்டு மணிவரைக்கும் அந்தத் திரைக்குள் நான் தனியாகக் கிடந்தேன்.

எனக்கு நன்றாகவே தெரிந்தது. செக்கிங்காரிக்குத் தெரியாதா? ஒவ்வொரு மூச்சும் முந்தைய மூச்சைவிடக் குட்டையாக இருந்தது. ஜெபம் பண்ணப் பார்த்தேன். "ஆண்டவரே, ஸ்தோத்திரம், இதுவரைக்கும் நடத்துனீங்க, இனியும் நடத்துவீங்கன்னு விசுவாசிக்கறேன்," என்று ஆரம்பித்தேன். பாதியில் நின்றுவிட்டது. அந்தக் குரலை எனக்குத் தெரியும். சிரித்த முகமாக இரு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல். கடவுளிடமும் ஆடிட்டுக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். எத்தனை வருஷமாக என்று யோசித்தேன். தாழ்ப்பாளைச் சந்தேகப்படுகிறவள் தேவனை மட்டும் முழுசாக நம்பியிருப்பாளா? அவரும் என்னிடத்தில் ஏதோ குற்றம் கண்டுபிடிக்கத்தான் வருகிறார் என்று பயந்து, நல்ல பீஸ்களை மேலே அடுக்கிக் காட்டிக்கொண்டே வந்திருக்கிறேன்.

அப்போது ஞாயிறு பள்ளியில் கேட்ட கதை ஒன்று நினைவுக்கு வந்தது. இயேசு இருந்த வீட்டின் கூரையைப் பிரித்து, நாலு பேர் படுக்கையோடு இறக்கிய திமிர்வாதக்காரனின் கதை. எத்தனை தடவை கேட்டிருப்பேன். கை கால் விழுந்து படுத்த பிறகுதான் ஒன்று கண்ணில் பட்டது. அந்த மனுஷன் வாயே திறப்பதில்லை. நம்புகிறேன் என்றுகூட அவன் சொல்வதில்லை. இயேசு பார்த்தது தூக்கிவந்தவர்களின் நம்பிக்கையை. அவன் செய்தது ஒன்றே ஒன்றுதான். அத்தனை பேர் நடுவில், இருக்கிறபடியே, மறைக்க ஒரு போர்வைகூட இழுத்துவிட முடியாமல், அவர்முன் கிடந்தான்.

அதற்கு மேல் நான் அழகாக ஜெபிக்கவில்லை. உதடு அசையாமல் உள்ளுக்குள் சொன்னேன்.

"ஆண்டவரே, எனக்குப் பயமா இருக்குதுங்க. மூச்சு வர்றதில்லீங்க. நா எல்லாத்தையும் ஏமாத்தீட்டு இருக்கறனுங்க. டாக்டர நம்பலீங்க, எங்கூட்டுக்காரர நம்பலீங்க. நெசத்தச் சொன்னா உங்களையும் நம்பலீங்க. நம்பறதுக்கு எனக்குத் தெரியலீங்க. இதுதானுங்க நான்."

வெளிச்சம் எதுவும் வரவில்லை. குரல் கேட்கவில்லை. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. மூச்சு முன்னைப்போலவே குட்டையாக இருந்தது. பயமும் போகவில்லை. ஆனால் வராந்தாவில் அண்ணனும் இவரும் திரும்பி வந்து மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன், நான் காதைத் தீட்டவில்லை. என்ன பேசினாலும் பேசட்டும் என்று இருந்தது. என்னைப் பற்றிய மிக மோசமான ரிப்போர்ட்டை நானே கொண்டுபோய்க் கொடுத்தாயிற்று. ஆண்டவர் என்னைத் திருப்பி அனுப்பவில்லை. எனக்கு அழுகை வந்தது. என் வாழ்க்கையில் அப்படி ஒரு நிம்மதியை நான் அறிந்ததில்லை, அதுவும் மூச்சு போய்க்கொண்டிருக்கும்போது. இன்றைக்கும் அதை நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது.

பன்னிரண்டு மணிக்கு பொன்மாரி வந்தாள். "கடைசியா ஒரு தடவை எண்ணிருவோமாக்கா? அப்பறம் நீங்க ஒங்க வழி, நா என் வழி."

மூச்சை இழுத்தேன். நிதானமாக, இருமாமல், செருமாமல் எண்ணினேன். ஒன்பதில் முடிந்தது.

"இன்னொரு தடவை எண்ணுங்கக்கா. காலைல இருபத்தி மூணுல்லா."

"அது பொய் கண்ணு. ஞாயித்துக்கெழமையில இருந்தே... பொய்யி. எச்சிலும்... முழுங்க முடியறதில்ல."

அவள் முகம் வெளுத்தது. கையில் இருந்த தாளைப் படுக்கையிலேயே போட்டுவிட்டு ஓடினாள். டாக்டர் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என் தலையைத் தலையணையிலிருந்து தூக்கச் சொன்னார். ஒரு அங்குலம்கூடத் தூக்க முடியவில்லை. "இப்பவாவது சொன்னீங்களே," என்றார், அவ்வளவுதான். பிறகு விளக்கினார். மயக்க மருந்து கொடுப்போம், வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாய் போகும், அது இருக்கும்வரை பேச முடியாது, தசைக்குப் பலம் வந்ததும் எடுத்துவிடுவோம்.

வீட்டுக்காரர் பையும் கையுமாக உள்ளே வந்தார். வண்டி ஓட்டும்போது போடும் காக்கிச் சட்டையில் இருந்தார்.

"ஏனுங்க," என்றேன். ஒரு மூச்சுக்கு இரண்டு வார்த்தைதான் வந்தது. "வேன்... வேண்டாமுங்க. இங்கயே... இருக்கறனுங்க. அவங்க சொல்ற எடத்துல... கையெழுத்துப் போடுங்க."

அண்ணன் எகிறினார். "உன்னைய மெரட்டீட்டாங்களா அம்முணி? சொல்லு, என்ன சொன்னாங்க?"

"மெரட்டலீங்கண்ணா. நாந்தான்... ஏமாத்துனேன்."

வீட்டுக்காரர் என் பக்கத்தில் வந்து குனிந்தார். "பயமா இருக்குதா சாரா?" என்று கேட்டார். இருபத்திரண்டு வருஷக் கல்யாணத்தில் அவர் அப்படிக் கேட்டபோதெல்லாம் இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறேன். "ஆமாங்க," என்றேன். அவர் என் தலையைத் தன் சட்டையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அந்தச் சட்டையில் டீசல் வாசம் அடித்தது. அதன்பிறகு எனக்கு நினைவில்லை.

பன்னிரண்டு நாள் மெஷினில் இருந்தேன். விழித்திருந்த நேரங்களைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு விரலையும் அசைக்க முடியாது. கண் இமைகூட முழுசாக மூடாது. ஒரு தடவை சிமிட்டினால் ஆமாம், இரண்டு தடவை இல்லை. சளியை உறிஞ்சும்போது உயிர் போய் வரும். இரவுகள் நீளம். இதெல்லாம் உண்மை, மறைக்கவில்லை. ஆனால் முதல் முதலாக நினைவு தெளிந்தபோது நான் கண்டது என் நெஞ்சு. அது எழுந்தது, தாழ்ந்தது. மறுபடி எழுந்தது. அதில் என் முயற்சி ஒன்றும் இல்லை. நான் மறந்தாலும் அது எழுந்தது, நான் பயந்தாலும் எழுந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். நாற்பத்தாறு வருஷம் தூங்கிய அத்தனை இரவும் இந்த நெஞ்சு இப்படித்தானே எழுந்து தாழ்ந்திருக்கும்? அப்போது மெஷினும் இல்லை, நானும் விழித்திருந்து காவல் காக்கவில்லை. அதை எழுப்புகிற யாரோ ஒருவர் ஒரு நாள்கூட மறந்துபோகவில்லை. கதவைத் தாழ்ப்பாள் போட்டேனா என்று மூன்று முறை எழுந்து பார்த்தவள், இதை ஒரு முறைகூட எழுந்து பார்த்ததில்லை. பேச முடிந்திருந்தால் வார்டு முழுக்கக் கேட்கும்படி கத்தியிருப்பேன்.

அண்ணன் ஊருக்குத் திரும்பவே இல்லை. மூடாத என் கண் காய்ந்துவிடக்கூடாது என்று, உள்ளே விடும் நேரங்களில் எல்லாம் வந்து சொட்டு மருந்து விட்டு, ஈரப் பஞ்சால் துடைத்துவிடுவார். முரட்டுக் கை. துடைத்துவிட்டு என்னிடம், "எரியுதா?" என்று கேட்டு, இரண்டு சிமிட்டலுக்காகக் காத்திருப்பார். நர்ஸ்கள் நேரத்துக்குப் புரட்டிப் படுக்கவைக்கிறார்களா என்று கடிகாரம் பார்த்து நிற்பார், அந்தக் குணம் மட்டும் எங்கே போகும்? கம்பெனிப் பெண்கள் முறைவைத்து இவருக்குச் சோறு கொண்டுவந்தார்கள். நான் சந்தேகமாகப் பார்த்தேனே, செருப்பு கழன்றதைச் சொன்ன பெண், அவள்தான் அந்த முறையையே ஏற்பாடு செய்தவள்.

பதின்மூன்றாம் நாள் காலையில் குழாயை எடுத்தார்கள். குரல் வர இன்னும் இரண்டு நாள் ஆனது. அதற்குள் இன்னொன்று தெரிந்தது. நான் ஏமாற்றியதைக் கண்டுபிடிக்காததற்கு பொன்மாரியிடம் விளக்கக் கடிதம் வாங்கியிருக்கிறார்கள். என் பொய் அவள் பெயரில் போய் உட்கார்ந்திருந்தது. எனக்குக் குரல் வந்ததும் முதலில் அவளைத்தான் கூப்பிடச் சொன்னேன்.

"என்னைய மன்னிச்சுரு கண்ணு. உன்னைய எத்தன நாளு ஏமாத்துனேன். பெரிய டாக்டர்கிட்ட நானே சொல்றேன்."

"சொல்லுங்க, வேண்டாம்னு சொல்ல மாட்டேன்," என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நீங்க அன்னைக்குச் சொல்லாமப் போயிருந்தீயன்னா, நா இந்த வேலையவே விட்டுருப்பேன்க்கா. இருபத்தி மூணுன்னு என் கையால எழுதுனது," என்றாள். அன்று ரவுண்டு வந்த டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பேரில் தப்பில்லை என்று எழுதச் சொல்லி, கீழே கைநாட்டும் வைத்தேன்.

வீட்டுக்கு வந்தது ஒரு மாதம் கழித்து. வாக்கரைப் பிடித்து நடக்க இன்னும் இரண்டு மாதம். நான் மாறிவிட்டேன் என்று பெரிதாகச் சொல்ல மாட்டேன். பாலை இன்னமும் முகர்ந்துதான் பார்க்கிறேன். ஆனால் பயம் வரும்போது அதைத் துண்டில் துடைத்து ஒளிப்பதில்லை. ஆண்டவரிடம் முதலில் சொல்கிறேன், பிறகு வீட்டுக்காரரிடமும் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் தாராபுரத்தில் ஒரு கல்யாணத்துக்கு, நோய்க்குப் பின் முதல் முறையாக வெளியூர் கிளம்பினேன். இவர்தான் ஓட்டினார். அவிநாசிபாளையம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், காரணம் இல்லாமல் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினார். எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"என்னுங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்ல சாரா. டாக்டரு அப்பறமா எங்கிட்டச் சொன்னாரு. அன்னிக்கு நீ வாயத் தொறக்காம இருந்திருந்தா, ரெண்டே முக்கா, மூணு மணிக்கெல்லாம் உம்மூச்சு அடங்கியிருக்குமாம். ரெண்டு மணிக்குக் கெளம்பியிருந்தா அந்நேரத்துக்கு நா இங்கதான் ஓட்டீட்டு இருந்திருப்பேன். உனக்குச் சத்தம் போடவும் தெம்பில்ல. கண்ணாடியில பாத்திருப்பேன், பாவம், அசந்து தூங்கறான்னு நெனச்சிருப்பேன்." சாலையைப் பார்த்தபடியே சொன்னார். "நீ முழிச்சுக்கக் கூடாதுன்னு பாட்டக்கூட அமத்தியிருப்பேன்."

ஸ்டியரிங்கிலிருந்து அவர் கையை எடுத்து என் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டேன். அது எழுந்து, தாழ்ந்து, மறுபடி எழுந்துகொண்டிருந்தது. லாரிகள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.